பாக்கெட்டுக்குள் இருந்த கைகள்

ஆடக் கூடாதாம். முப்பது நிமிஷம் ஆகுமாம். படம் புடிக்கறது எடது முட்டியத்தான்னாலும் உடம்பு மொத்தமும் ஆடாம கெடக்கணுமாம், ஆடினா படம் கலங்கிடுமாம், மறுபடி முதல்லேர்ந்து எடுக்கணுமாம். சொல்லிட்டு அந்தப் பொண்ணு கதவச் சாத்திக்கினு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயிட்டா. முழுசா ஸ்கேன் குகைக்குள்ள தள்ளிடுவாங்களோன்னு பயந்துக்கினுதான் வந்தேன், நல்லவேளை, முட்டிக்குன்னா காலு பக்கமாத்தான் உள்ள போவுது, தலை வெளியில இருக்குது. மேல சீலிங்ல வானம் மாதிரி நீலமா ஒரு படம் ஒட்டி உள்ள லைட்டு போட்டிருக்கான், ஓரத்துல ரெண்டு தென்னமட்டை. ஏசில பல்லு கிட்டுது. மோதிரம், செயின், வாட்ச்சு, விசிலு, எல்லாத்தையும் கழட்டி வீட்டுக்காரி எஸ்தர் கையில குடுத்தாச்சு. பேண்ட்டு சட்டையையும் கழட்டச் சொல்லி, முதுகுப் பக்கம் முடிச்சுப் போடற ஒரு பச்சை கவுன மாட்டி விட்டுட்டாங்க. இதுல பாக்கெட்டே இல்ல. படுக்கறதுக்கு முன்னாடி கைய எங்க வக்கறதுன்னு தெரியாம நின்னேன். சே, பாக்கெட்ட நெனைக்காதே. வேற எதையாவது நெனை. கையில எலுமிச்சம்பழம் சைசுக்கு ரப்பர் பந்து ஒண்ணு குடுத்திருக்கா, பயமா இருந்தா அமுக்குங்க சார், ஓடியாந்துடறேன்னா. அம்பத்தாறு வயசு ஆம்பளைக்கு, அதுவும் ஃபுட்பால்ல பன்னெண்டு வருஷம் ஸ்டாப்பர் பேக்கா நின்னவனுக்கு, பயந்தா அமுக்க ஒரு பந்து. இந்த மெஷினுக்கு நான் பயப்படல கண்ணு. ஒரு மணிக்கு ஒரு போன் வரப்போவுது, அதுக்கு எதை அமுக்கறது சொல்லு.

ஒரு மணின்னா அங்க காலைல ஒம்போதரை. ஸ்லோவாக்கியா. மேப்புல வெரல வச்சா நாடே மறைஞ்சு போயிடும். அங்கேர்ந்து கிருபா சார் வீடியோவுல வரப்போறாரு. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஆபீஸ் டீமுக்கு கோச்சா இருந்தவரு. இப்ப எண்பது வயசு, போன குளிர்காலத்துல பக்கவாதம் வந்து எடது பக்கம் விழுந்துடுச்சாம். எதுக்கு வராரு? என்கிட்ட மன்னிப்பு கேக்க. அவரு பொண்ணு ஸுசானா அப்பிடித்தான் எழுதியிருக்கா, அப்பா கண்ண மூடறதுக்குள்ள உங்ககிட்ட ஒரு தரம் ஒழுங்கா மன்னிப்பு கேக்கணும்னு சொல்றாரு, ஒரு மணிக்கு வசதிப்படுமா சார்னு. டக் டக் டக் டக். ஆரம்பிச்சுட்டான்யா. ஹெட்ஃபோன் மாட்டியும் மண்டைக்குள்ள ஆணி அடிக்கறான். ஆண்டவரே, தப்பு பண்ணவன் இங்க பச்சை கவுன மாட்டிக்கினு மல்லாந்து கெடக்கறான், தப்பே பண்ணாத மனுஷன் அங்க தலை சீவிக்கினு மன்னிப்பு கேக்க ரெடியாவறாரு. எஸ்தருக்கு ஒண்ணும் தெரியாது. புள்ள மாதிரி உங்கள நெனச்சிருக்காருங்கன்னு சொல்லி, அந்தப் போனுக்குன்னே நீலச் சட்டைய அயர்ன் பண்ணி எடுத்தாந்திருக்கா.

ஸ்டெஃபான் கிருபா அவரு பேரு. எங்க வியாசர்பாடில தெருவுக்கு ரெண்டு கிருபா இருக்கான், அதனால வந்த வாரமே எங்காளு ஆயிட்டாரு. மூக்கு ரெண்டு எடத்துல வளைஞ்சிருக்கும், ரெண்டு தரம் ஒடைஞ்ச மூக்கு. அவரும் ஸ்டாப்பர் பேக்கு. டயர் ஃபேக்டரி டீமுல பதினோரு வருஷம், காலைல லேத்து, மத்தியானம் கிரவுண்டு. பதினோரு வருஷத்துல ஒரு சிவப்பு அட்டை கெடையாதாம். அத சொல்றப்ப மட்டும் நெஞ்ச நிமித்துவாரு. என்னைப் பாத்து, கால வாரறவன் லேட்டா வந்தவன், எபி, முன்னாடியே சரியான எடத்துல நின்னுட்டா கால வாரவே வேணாம், அவ்ளோதான் டிஃபன்சுன்னுவாரு. முப்பத்திரெண்டுல முட்டி போயி கோச்சானாரு. அப்பாலே அவங்க நாடு ரெண்டாப் பிரிஞ்சு, ஃபேக்டரி டீமக் கலைச்சுட்டான், யாரோ சொல்லி தொண்ணூத்தஞ்சுல இங்க வந்து சேந்தாரு. அயனாவரத்துல ஒத்த ரூமு, ஒரு ஃபேனு, ஒரு மண்பானை. இங்கிலீஷும் எங்கள மாதிரியே அரைகொறை. வாயால வராதத கையால சொல்லுவாரு. கைன்னா கை, முறம் மாதிரி. ரெண்டு கையையும் விரிச்சா அகலமா ஆடு, விரல குவிச்சா சேந்து நில்லு, ரெண்டு உள்ளங்கையையும் கீழ காட்டி அமுத்தினா நில்லு, பதறாதே. டீ குடிக்கறப்பகூட ரோட்டுல ஆட்டோக்காரன பாத்து அப்பிடி அமுத்துவாரு, பதறாதேப்பான்னு. மாசி அது மாதிரியே செஞ்சு காட்டுவான், நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம்.

மாசிலாமணி. அவன் வலது ஸ்டாப்பர், நான் எடது ஸ்டாப்பர், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு விங் பேக்கு. நாலு பேரையும் ஒரு நாள் காலைல நிக்க வச்சு, கெணத்துக்கயிறு ஒண்ண எடுத்து இடுப்போட இடுப்பு கட்டிப்புட்டாரு கிருபா சார். இன்னா சார் மாடு மாதிரின்னான் மாசி. ஒருத்தன் முன்னால போனா நாலு பேரும் போவணும். ஒருத்தன் நின்னா கயிறு வெட்டி இழுக்கும், நாலு பேரும் சாஞ்சு விழுவோம். ஒரு மாசம். இடுப்புல தோல் உரிஞ்சு போச்சு. வோன்! அப்பிடின்னு கத்துவாரு, வெளியேன்னு அவங்க பாஷையில, அந்த சத்தம் கேட்டா நாலு பேரும் ஒரே அடியா முன்னால பாஞ்சு ஏறணும், எதிராளி ஃபார்வர்டு பின்னால தனியா மாட்டிக்குவான், லைன்ஸ்மேன் கொடியத் தூக்குவான், ஆஃப்சைடு. தமிழ்ல அவரு கத்துக்கினது ஒரே ஒரு வார்த்தை. சேந்து. சேந்து, எபி, சேந்து! ரெண்டாவது மாசம் கயிற அவுத்துட்டாரு. இடுப்புல கயிறு இல்ல, ஆனா இருந்துச்சு. அந்த வருஷம் லீக்ல பதினாலு மேட்ச்சுக்கு அஞ்சே கோலுதான் வாங்கினோம். சார், மொத செட் முடிஞ்சுதுங்க, அசையாம இருங்க, அடுத்தது நாலு நிமிஷம். ஹெட்ஃபோன்ல அந்தப் பொண்ணு. சரிம்மான்னு சொல்லலாமா, தாடை ஆடினா முட்டி ஆடுமா? சும்மா இருக்கேன்.

முட்டி. ஃபைனல் ஞாயித்துக்கிழமை, முட்டி போனது புதன்கிழமை. ப்ராக்டிஸ் முடியற நேரம், யாரும் என்னைப் பாக்கல, பந்தே எங்கியோ கெடக்குது, நான் சும்மா திரும்பறேன், டப்புன்னு உள்ள ஒரு சத்தம். விசில் ஊதினாங்க, எல்லாரும் பானைத் தண்ணிக்கு ஓடினாங்க, நான் ஷூ லேஸ் கட்டறவன் மாதிரி குனிஞ்சு உக்காந்துட்டேன். சொல்லியிருக்கலாம். கிருபா சார் பத்தடி தள்ளிதான் நின்னாரு. சொன்னா பெஞ்ச்சு. பெஞ்ச்சுன்னா டாக்டரு, டாக்டருன்னா மெடிக்கல் அன்ஃபிட்டுன்னு ஒரு வார்த்தை. ஸ்போர்ட்ஸ் கோட்டால டெம்பரவரி வேலை, பெர்மனென்ட் ஆவறதுக்கு ரெண்டே மாசம் பாக்கி. எஸ்தருக்கு அப்ப ஏழு மாசம். எஸ்தர், வயித்துப் புள்ள, வேலை, எல்லாம் நெஜம்தான். இப்பவும் இத சொல்லித்தான் தப்பிக்கப் பாக்கறேன் பாரு. மூணு நாளு க்ரேப் பேண்டேஜ சுத்தி மேல ஸ்டாக்கிங்ஸ ஏத்தி விட்டுக்கினேன். நேரா ஓடினா ஒண்ணும் தெரியாது. டக்குன்னு உந்தி ஏறினாத்தான் உள்ள வழுக்கும், எலும்பு எலும்ப விட்டுப் போயிடற மாதிரி. உந்தி ஏறாம ஒரு ஃபைனல ஓட்டிடலாம்னு நெனச்சேன். எவ்ளோ பெரிய புத்திசாலி.

எம்பத்துமூணாவது நிமிஷம் வரைக்கும் ஓட்டிட்டேன்யா. கோல் இல்லாம இருக்குது, கூட்டம் எழுந்து நிக்குது, அவங்க ஹாஃப் பேக்கு பந்த வச்சுக்கினு தலையத் தூக்கறான். மாசி கத்தறான், வோன்! மூணு பேரு ஏறிட்டாங்க. மூணு பேரு முதுகும் தெரியுது எனக்கு, ஒரே கோடு, ஸ்கேலு வச்சுப் போட்ட மாதிரி. நான் நிக்கறேன். முட்டி வலிச்சதால நின்னேனா? இல்ல. அதுதான் விஷயம். வலிக்கல. வலிக்குமோன்னு நின்னேன். கணக்குக்கு அரை செகண்டு, எடது கால ஊணலாமா வேணாமான்னு யோசிச்சேன், அந்த அரை செகண்டுல அவங்க ஃபார்வர்டு என் பக்கத்துல காத்து மாதிரி போறான், தனியா போறான், கோல்கீப்பர ஏமாத்தி உள்ள தட்டறான். அப்ப நான் என்ன பண்ணேன் தெரியுமா? கையத் தூக்கினேன். ஆஃப்சைடுன்னு லைன்ஸ்மேனப் பாத்து கையத் தூக்கி நிக்கறேன். ஆஃப்சைடு இல்லாம கெடுத்ததே நான், உள்ள நிக்கறவனே நான், நானே கையத் தூக்கறேன். டிஃபண்டருக்கு அது பழக்கம்யா, மூளை சொல்றதுக்கு முன்னாடி கை போயிடும். லைன்ஸ்மேன் கொடி கீழயே இருந்துச்சு. மொத பொய் அந்தக் கைதான்.

ரெண்டாவது பொய் பஸ்ல. மாசி பக்கத்துல வந்து உக்காந்தான். கோவமாகூட கேக்கல பாவி, டேய் எபி, இன்னாடா, ஏன்டா நின்னேன்னு சின்னப்புள்ளைகிட்ட கேக்கற மாதிரி கேட்டான். கோச் கை காட்டினாருன்னேன். எங்கேர்ந்து வந்துச்சு அந்த வார்த்தை? நான் யோசிக்கவே இல்ல. ரெண்டு கையையும் கீழ அமுத்தி, நில்லுன்னு காட்டினாரு. நான் பாக்கலியேன்னான். நீ பந்தப் பாத்துக்கினு இருந்தேன்னேன். ம்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டான். அத்தோட முடிஞ்சிருக்கும், பஸ்ஸோட போயிருக்கும். ஆனா செவ்வாக்கிழமை ஸ்போர்ட்ஸ் ஆபீசர் ஒவ்வொருத்தனா கூப்புட்டாரு. மூணு பேரு ஏறினான், நீ ஒருத்தன் ஏன் கம்பம் மாதிரி நின்னே, யாருக்காக நின்னேன்னாரு. யாருக்காகன்னா? காசு வாங்கிக்கினு மேட்ச்ச நீ வித்துட்டேன்றாரு. முட்டின்னு சொன்னா மறைச்சதுக்கு வேலை போவும், சும்மா இருந்தா வித்ததுக்கு வேலை போவும். சார், கோச் கை காட்டினாரு சார். எழுதிக் குடுன்னு வெள்ளைத்தாள தள்ளினாரு. எழுதினேன். கோச் அவர்கள் இரண்டு கைகளையும் கீழே காட்டி நிற்கும்படி சைகை செய்தார், நான் கீழ்ப்படிந்தேன். கீழ்ப்படிந்தேன்! சண்டே ஸ்கூல்ல கத்துக்கினது, எங்க வந்து எழுதியிருக்கேன் பாரு. பொய் எழுதறவனுக்குத்தான் கையெழுத்து எவ்ளோ அழகா வருது.

சார், சார், கால் அசையுதுங்க. மன்னிச்சுக்கம்மா. இல்ல, பேசக்கூடாது. ஆடலம்மா ஆடல. கிருபா சார உள்ள கூப்புட்டு என் தாள இங்கிலீஷ்ல படிச்சுக் காட்டினாங்க. நான் வெளிய வராண்டா பெஞ்ச்சுல உக்காந்திருக்கேன். கத்துவாரு, பொய்யுன்னுவாரு, கதவ ஒதைச்சுக்கினு வந்து என் சட்டையப் புடிப்பாருன்னு பாக்கறேன், புடிச்சிருந்தா சொல்லியிருப்பேன், சத்தியமா சொல்லியிருப்பேன், இதையும் இருபத்தெட்டு வருஷமா சொல்லிக்கினுதான் இருக்கேன். மெதுவா வந்தாரு. பக்கத்துல உக்காந்தாரு. ரெண்டு கையையும் மடியில வச்சு அதையே பாத்துக்கினு இருந்தாரு. அப்பாலே உள்ளங்கைய கீழ அமுத்திக் காட்டி, எபி, நான் இப்பிடிக் காட்டினேனான்னு கேட்டாரு. நெசமாவே கேட்டாரு. அவருக்குத் தெரியல. எந்நேரமும் கைய ஆட்டிக்கினே இருக்கற மனுஷன், பதட்டத்துல எப்ப எத ஆட்டினாருன்னு அவருக்கு ஞாபகம் இருக்குமா? யெஸ் கோச்சுன்னேன். ரெண்டே வார்த்தை. தலைய ஆட்டினாரு. எபி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மெதுவா சொன்னாரு. சாரி எபி. மை மிஸ்டேக். என்னைப் பாத்து சாரின்னாருய்யா. எனக்கு கெட்ட பேரு வந்துச்சேன்னு வருத்தப்பட்டாரு. பத்தாவது நாளு ஊருக்கு அனுப்பிட்டாங்க. ஏர்போர்ட்டுக்கு மாசி போனான். நான் காய்ச்சல்னு போவல. காய்ச்சலும் இல்ல.

ரெண்டு மாசத்துல வேலை பெர்மனென்ட் ஆச்சு. அதே வாரம் பொண்ணு பொறந்தா. அவ வயசும் இந்தப் பொய்யோட வயசும் ஒண்ணு, ஒவ்வொரு பர்த்டேக்கும் கேக் வெட்டறப்ப எனக்கு மட்டும் ரெண்டு மெழுகுவத்தி தெரியும். முட்டி தானா ஆறிச்சோ ஆறலியோ, நாலு வருஷம் ஆடினேன், உந்தாமலே ஆடினேன், அனுபவசாலின்னாங்க. அப்பாலே கோச்சிங் கோர்ஸு, அப்பாலே நம்ம ஏரியா பசங்களுக்கு காலைல ப்ராக்டிஸு. என்ன சொல்லிக் குடுத்தேன்? அவரு சொல்லிக் குடுத்ததத்தான். எனக்கு வேற என்ன தெரியும்? கயிறு கட்டினேன். வோன்னு கத்தினேன். இப்ப வியாசர்பாடில எந்தக் கிரவுண்டுல நின்னாலும் எவனாவது வோன்னு கத்துவான், அது எந்த ஊர் வார்த்தைன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. மறைக்காதீங்கடா, அடிபட்டா உடனே சொல்லுங்கடா, வேற ஆளப் போட்டுக்கலாம்னு நானே பசங்களுக்கு அட்வைஸு பண்றேன். நானே. ரெண்டு மாசம் முன்னாடி எவனோ வந்து கயிறு ப்ராக்டிஸ வீடியோ எடுத்து நெட்டுல போட்டான். யார் சார் இத கத்துக் குடுத்தாங்கன்னான். கிருபா சார்னேன். பேர சொல்லாம இருந்திருக்கலாம். ஆனா வாயில வந்துடுச்சு, சொல்றப்ப சந்தோஷமாக்கூட இருந்துச்சு. அந்த வீடியோ எங்கெங்கயோ சுத்தி அவரு பொண்ணு கண்ணுல பட்டிருக்குது. அவரு அத இருபது தரம் போடச் சொல்லி பாத்தாராம். இந்தப் பக்கவாதத்துக்கப்புறம் வாயில வார்த்தையே சரியா வரலியாம், எபின்னு மட்டும் சுத்தமா வந்துச்சாம்.

சரி. போட்டோ. நெனைக்காம இருக்க முடியல, நெனைச்சுடறேன். காலைல ஆறு மணிக்கு ஸுசானா அஞ்சு போட்டோ அனுப்பினா. இங்கேர்ந்து போனதுக்கப்புறம் எடுத்ததுங்க, முக்காவாசி அவரு கோச்சா இருந்த டீமுங்க. மொத போட்டோ, ஓரக்கோட்டுல நிக்கறாரு, பனி கொட்டுது, ரெண்டு கையும் கோட்டுப் பாக்கெட்டுல. குளிரு, வச்சிருப்பாருன்னு நெனச்சேன். ரெண்டாவது வெயிலு, ஆளுங்க அரைக்கை சட்டை போட்டிருக்கான், இவரு கை பேண்ட்டு பாக்கெட்டுல. மூணாவது ஏதோ சின்ன கப்பு ஜெயிச்சு டீமே தோள்ல தோள் போட்டு குதிக்குது, நடுவுல இவரு, பாக்கெட்டுல. நாலாவது ஸுசானா கல்யாணம், சர்ச்சு வாசல்ல, பாக்கெட்டுல. கீழ அவ எழுதியிருக்கா, இங்க அவருக்கு பட்டப்பேரே பாக்கெட் கோச்சு சார், கூட்டம் கத்தறப்ப கோச்சு கை காட்டலேன்னா ப்ளேயருக்கு எப்பிடித் தெரியும், தொண்டை கிழிய கத்துவாரு, ஆனா கைய எடுக்க மாட்டாரு, ஒவ்வொரு டீமா போச்சு, கடைசில அதே டயர் ஃபேக்டரி கேட்டுல வாட்ச்மேனா இருந்தாரு. அவளே எழுதறா, எனக்குப் பதினெட்டு வயசுல படிக்க ட்ரெயின் ஏறினேன், ப்ளாட்பாரத்துல எல்லா அப்பாவும் கை ஆட்டினாங்க, எங்கப்பா மட்டும் பாக்கெட்டுல வச்சுக்கினு நின்னாரு, ரொம்ப வருஷம் அந்தக் கோவம் எனக்குப் போவல. போன மாசம்தான் திக்கித் திக்கி சொன்னாரு. இந்தியாவுல இந்தக் கையால ஒரு பையன் பேரக் கெடுத்துட்டேன், அதுக்கப்புறம் இதுங்கள நான் நம்பறதில்லன்னாரு. அஞ்சாவது போட்டோவ நான் தொறக்கல.

டக் டக் டக் டக். இது வேற மாதிரி அடிக்குது, சீக்கிரம் முடியப் போவுதோ. முடிய வேணாம். இங்கியே இருந்துடறேன். யோசிச்சுப் பாரு எபி, அவருக்கு எண்பது. மன்னிப்பு கேட்டா பரவால்ல கோச்சுன்னு சொல்லிடு, அவரு நிம்மதியாப் போவாரு, உனக்கும் மானம் போவாது, எஸ்தருக்குத் தெரியாது, பசங்களுக்குத் தெரியாது. அதுவே தர்மம் மாதிரிகூட இருக்குது. எவ்ளோ நல்லவன்டா நீ. அவரு நம்பின ஒரே ஆளு நீதான், இந்த வயசுல போயி அதையும் புடுங்கிக்கினு வரணுமா? ஆனா பரவால்ல கோச்சுன்னு நான் சொன்னா, அதுக்கு என்ன அர்த்தம்? ஆமா, நீங்கதான் பண்ணீங்க, நான் மன்னிச்சுட்டேன்னு அர்த்தம். பெரிய மனசு பண்ணி நான் மன்னிக்கறேன். சே! இவ்ளோ நாளு மூணு பொய்யுன்னு கணக்கு வச்சிருந்தேன், கை தூக்கினது, பஸ்ல சொன்னது, தாள்ல எழுதினது, யெஸ் கோச்சும் அதுலயே சேத்தி. அத மட்டும் சொன்னா நாலாவது ஆயிடும், நாலுலயும் அதுதான் பெருசு. இல்ல, அஞ்சாவது. காலைல கவுண்ட்டர்ல ஃபார்ம் குடுத்தான்ல, இந்த மூட்டில் முன்பு காயம் ஏற்பட்டதுண்டா, ஆம், இல்லை. பேனா தானா இல்லைல போயி டிக்கு அடிச்சுது. யாருகிட்ட மறைக்கறேன்? ரிட்டையர் ஆவறதுக்கு ரெண்டு வருஷம் இருக்கறவன இப்ப யாரு வேலைய விட்டுத் தூக்கப் போறான்? மாசி செத்து நாலு வருஷம் ஆச்சு. கடைசியா ஆஸ்பத்திரில பாக்கப் போனப்ப, அவனே பேச்செடுத்தான், கோச்சு கை காட்டியிருக்க மாட்டாருடா எபின்னான், சும்மா, மேல சுத்தற ஃபேன பாத்துக்கினு. ரெஸ்ட் எடுடான்னு சொல்லி எழுந்து வந்துட்டேன். அவன்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். இனிமே அந்தக் கதைய தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான், நானும் போயிட்டா அவரு கைதான் குத்தவாளின்னு நெலைச்சுடும்.

சார், முடிஞ்சுதுங்க, பொறுமையா எழுந்துக்குங்க. ட்ரே வெளிய வருது. முட்டிக்கு மேல மாட்டின கூண்ட கழட்டறா. ரப்பர் பந்த வாங்கிக்கினா, ஈரமா இருக்குது அது, பேண்ட்டுல தொடைச்சுக்கறா பாவம். கையில என் ஃபார்ம். சார், டாக்டரு கேக்கறாரு, முன்னாடி ஏதாவது அடி பட்டிருந்துச்சுங்களா, நீங்க இல்லைன்னு போட்டிருக்கீங்க, ரொம்பப் பழைய கிழிசல் மாதிரி இருக்குதாம். நான் அந்த முகத்தப் பாக்கறேன். இருபத்தஞ்சு வயசு இருக்கும், சாப்பாட்டு டைம் ஆயிடுச்சுன்னு அவசரம் அதுக்கு. ஆமாம்மா. எப்பங்க சார்? தொண்ணூத்தாறு, ஏப்ரலு, ஒரு புதன்கிழமை. புதன்கிழமை வேணாம் சார்னு சிரிச்சுக்கினே இல்லைய அடிச்சுட்டு வருஷத்த எழுதறா. அவ்ளோதானா? ஒரு கோடு போட்டு அடிக்கற வேலைதானா? எறங்கறப்ப மொதல்ல தரையில ஊணறது எடது காலு. அந்த எடது காலுதான்.

கதவத் தொறந்தா எஸ்தர் ஓடியாறா, ஒரு கையில சட்டை, ஒரு கையில போன். வந்துடுச்சுங்க வந்துடுச்சு, பத்து நிமிஷம் முன்னாடியே பண்ணிட்டாங்க, எடுத்துட்டேன், பேசுங்க, சட்டைய மாத்திக்கினு பேசுங்களேன், சரி பேசுங்க. பச்சை கவுனோட அப்பிடியே வாங்கறேன். சமையல்கட்டு மாதிரி தெரியுது, ஜன்னல்ல வெளிச்சம், ஸுசானா தலை ஒதுங்குது, அவரு. அதே மூக்கு. தலைமுடி தண்ணி தொட்டு படிய வாரியிருக்குது, சட்டை கழுத்து வரைக்கும் பட்டன், மேல ஸ்வெட்டரு. ரெண்டு கையும் ஸ்வெட்டர் பாக்கெட்டுல. விழுந்துபோன எடது கையக்கூட யாரோ எடுத்து உள்ள வச்சு விட்டிருக்காங்க. எபி, அப்பிடின்றாரு. ஒரு பக்க வாயிதான் அசையுது. மனப்பாடம் பண்ணி வச்சிருக்காரு போல, இங்கிலீஷ்ல, ஒவ்வொரு வார்த்தையா, இன், நைன்டி சிக்ஸ், ஐ, வித் மை ஹேண்ட்ஸ். நோ கோச். கத்திட்டேன் போல, வரிசைல உக்காந்திருந்தவங்க எல்லாம் திரும்பறாங்க. நோ ஹேண்ட் கோச். யூ நோ ஹேண்ட். யூ டிட் நாட் ஷோ. மை நீ. முட்டியத் தட்டிக் காட்டறேன், மை நீ ப்ராப்ளம், ஐ ஹைட். ஐ டெல் லை, கோச். ஐ ரைட் லை. பக்கத்துல எஸ்தர் என்னைப் பாக்கறது கன்னத்துல தெரியுது. ஏங்க, என்னங்க சொல்றீங்கன்றா மெதுவா. அங்க ஸுசானா மூஞ்சில இருந்த சிரிப்பு அப்பிடியே நிக்குது, கண்ணுல மட்டும் போயிடுச்சு. லையான்றா. எஸ் மேடம். யுவர் ஃபாதர் நோ மிஸ்டேக்.

அவ அத அவருக்கு மாத்தி சொல்லல. அவரு அவ பக்கம் திரும்பி அவங்க பாஷையில என்னவோ கேக்கறாரு, மறுபடி கேக்கறாரு. அவ வாயத் தொறந்து மூடறா. அப்பாலே அவரு காதுகிட்ட குனிஞ்சு சொல்றா, சின்னதா, நாலே வார்த்தை இருக்கும். அவரு என்னைத் திட்டல. மூஞ்சி மாறல. வலது பக்கம் ஸ்வெட்டர் பாக்கெட்டு அசையுது. கை வெளிய வருது, மெதுவா, முறம் மாதிரி அதே கை, இப்ப தோல் மட்டும் தொங்குது. மூஞ்சிக்கு நேரா வச்சுப் பாக்கறாரு. உள்ளங்கையப் பாக்கறாரு. திருப்பிப் புறங்கையப் பாக்கறாரு. மறுபடி உள்ளங்கை. அப்பாலே அந்தக் கைய அவ பக்கம் நீட்டி, பாருன்ற மாதிரி, அவளுக்குக் காட்டறாரு. அவ ரெண்டு கையாலயும் அதப் புடிச்சுக்கறா, தலை குனியறா, தோளு குலுங்குது. போன் ஆன்லதான் இருக்குது. அங்க யாரும் என் பக்கம் திரும்பல. நான் ஆடாம நிக்கறேன்.